நைஜர் நதிக்கரையின் இரட்டையிசை: அலி ஃபர்கா தூரேயும் துமானி ஜபாத்தேயும்

இசையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தனிக் கலைஞனின் மேதைமையையே அளவுகோலாகக் கொள்கின்றனர். குரல் எத்தனை உயரம் ஏறியது, விரல்கள் எத்தனை விரைவாக ஓடின, மரபு எங்கே மீறப்பட்டது என்னும் வினாக்களுக்கு விடை கண்டதோடு விமர்சனம் நிறைவுபெற்றுவிடுகிறது. இருவர் சமமாக அமர்ந்து வாசிக்கும் இசைக்கு இந்த அளவுகோல் போதாது. அங்கே ஒருவருடைய வாசிப்பின் மதிப்பு, மற்றவருக்காக அவர் விட்டுவைக்கும் இடத்தையும் பொறுத்தது. எதை வாசித்தார் என்பதோடு எதை வாசிக்காமல் விட்டார் என்பதையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

இத்தகைய கேட்டலுக்கு நம் காலம் வழங்கிய மிகச் சிறந்த பயிற்சிக்களம், மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து வந்த இரு இசைத்தொகுப்புகளாகும். கிதார் கலைஞர் அலி ஃபர்கா தூரேயும் கோரா கலைஞர் துமானி ஜபாத்தேயும் சேர்ந்து வாசித்த 'இன் த ஹார்ட் ஆஃப் த மூன்' 2005இல் வெளிவந்தது. அவ்விருவரின் பெயர்களையே தலைப்பாகக் கொண்ட 'அலி அண்ட் துமானி' 2010இல் வெளிவந்தது. இரண்டும் கிராமி விருது பெற்றன. ஆனால் இவற்றின் சிறப்பை விருதுகளைக் கொண்டு விளங்கிக்கொள்ள முடியாது. இவ்விருவரும் யார், எந்தெந்த மரபிலிருந்து வந்து ஒரே அறையில் அமர்ந்தனர் என்பதை அறிந்த பின்னரே அது புலப்படும்.

மாலியின் இசைமரபு நம் வாசகர்களுக்கு முற்றிலும் புதியதன்று. மொரோக்கோவிலிருந்து பாலைவனம் கடந்து 1352இல் மாலிக்குச் சென்ற இப்னு பதூதா, அந்நாட்டு மன்னர் மன்சா சுலைமானின் அவையில் கண்டவற்றைத் தம் பயண நூலில் பதிவு செய்திருக்கிறார். பெருநாள் தினங்களில் அவையின் மொழிபெயர்ப்பாளரான தூகா என்பவர், அடியில் சிறு சுரைக்குடுக்கைகள் கட்டப்பட்ட ஒரு கருவியை இசைத்து மன்னரின் போர்ச் செயல்களைப் புகழ்ந்து பாடுவார் என்று எழுதும் அவர், அந்நாட்டுப் புலவர்களுக்கு 'ஜாலி' என்று பெயர் என்பதையும் குறிப்பிடுகிறார். அவர்களுடைய பறவை வேடம் அவருக்கு நகைப்பை ஊட்டியது வேறு செய்தி. நமக்கு முக்கியமானது அந்தச் சொல். அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் மாண்டே மக்கள் தம் பரம்பரை இசைவாணர்களை 'ஜெலி' என்றும் 'ஜாலி' என்றுமே அழைக்கின்றனர். குலவரலாற்றை நெஞ்சில் ஏந்துவது, வள்ளல்களைப் புகழ்வது, பகை கொண்டோரிடையே தூது செல்வது ஆகியவை அவர்களுடைய பிறப்புரிமையும் கடமையுமாகும்.

துமானி ஜபாத்தே அந்த ஜெலி குலத்தில் 1965இல் பமாகோ நகரில் பிறந்தவர். தந்தையிலிருந்து மகனுக்கு எழுபத்தொரு தலைமுறைகளாகக் கலை கைமாறி வந்ததென்பது அவர் குடும்பத்தாரின் கூற்று. தந்தை சிதிக்கி ஜபாத்தே அக்காலத்தின் தலைசிறந்த கோரா கலைஞர்களுள் ஒருவர். இளமையில் போலியோவால் ஒரு கால் பாதிக்கப்பட்ட துமானி, தம் விரல்களால் கோராவை உலக அரங்குகளுக்குக் கொண்டு சென்றார்.

கோராவின் அமைப்பை இங்கே சிறிது விளக்குவது தேவை. பெரிய சுரைக்குடுக்கையை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியின் வாயில் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டி, அதன் குறுக்கே நீண்ட மரக்கழியைச் செலுத்துவர். தோலின்மீது செங்குத்தாக நிற்கும் குதிரையின் இருபுறமும் இடப்பக்கம் பதினொன்று, வலப்பக்கம் பத்து என்று 21 நரம்புகள் இறங்குகின்றன. இசைப்பவர் இரு கைகளின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மீட்டுவார். ஆக நான்கு விரல்களே வேலை செய்கின்றன. பாடலின் அடித்தளமாகத் திரும்பத் திரும்ப வரும் சுழற்சி 'கும்பெங்கோ' எனப்படும். அதன்மீது அருவிபோல் கொட்டும் கற்பனை ஓட்டம் 'பிரிமிந்திங்கோ' எனப்படும். ஒரே ஆள் இவ்விரண்டையும் மாறி மாறியும் சில வேளைகளில் ஒருங்கேயும் வாசித்தாக வேண்டும். துமானி 1988இல் வெளியிட்ட 'கைரா' என்னும் தனிக்கோராத் தொகுப்பைக் கேட்போர், குறைந்தது மூவர் வாசிக்கிறார்கள் என்று எண்ணினால் வியப்பதற்கில்லை.

அலி ஃபர்கா தூரேயின் வழி வேறு. 1939இல் நைஜர் நதிக்கரையிலுள்ள கனாவு என்னும் சிற்றூரில் பிறந்து, திம்புக்து வட்டாரத்தின் நியாஃபுங்கேயில் வளர்ந்தவர். பெற்றோருக்குப் பத்தாவது பிள்ளை. முன் பிறந்த ஒன்பதும் பிழைக்கவில்லை. தப்பிப் பிழைத்த மகனுக்குக் கழுதையைக் குறிக்கும் 'ஃபர்கா' என்னும் பட்டப்பெயர் அமைந்தது. அதில் இகழ்ச்சியில்லை. சுமைதாங்கும் வலிமையையும் எளிதில் இணங்காத பிடிவாதத்தையும் அது சுட்டியது. அவர் குலத்தில் இசை தொழிலன்று. மேன்குடிப் பிள்ளை இசைக்கருவியைத் தொடுவதைக் குடும்பத்தார் விரும்புவதுமில்லை. ஒற்றை நரம்புக் கருவிகளில் தாமே பயின்ற அவர், 1956இல் கினியாவின் கலைஞர் கெய்தா ஃபொதேபா கிதார் வாசிக்கக் கேட்டு அக்கருவியின்பால் ஈர்க்கப்பட்டார். அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடருடன் 1994இல் வெளியிட்ட 'டாக்கிங் திம்புக்து' உலகப்புகழ் ஈட்டித் தந்தபோதும், தம்மை அவர் உழவர் என்றே கருதினார். 2004இல் நியாஃபுங்கேயின் மேயரானபோது சாலைகளைச் சமன்செய்யவும் கழிவுநீர்க் கால்வாய் வெட்டவும் சொந்தப் பணத்தைச் செலவிட்டார்.

இவ்விரு வாழ்க்கைகளையும் அருகருகே வைத்தால்தான் அவர்களுடைய சந்திப்பின் அருமை விளங்கும். மாண்டே சமூக ஒழுங்கில் மேன்குடியினர் அமர்ந்திருப்பர். ஜெலி அவர்களுக்காக வாசிப்பார். ஒருவர் கொடுப்பவர், மற்றவர் புகழ்பவர். ஈவோரும் பாடுவோருமாகப் பிரிந்து நின்ற இரு குலங்களின் மக்கள், இங்கே ஒரே தளத்தில் இரு கருவிகளோடு எதிரெதிரே அமர்கின்றனர். மொழியும் வேறு, நிலமும் வேறு. வடக்கின் சொங்காய் இசை பெரும்பாலும் ஐந்து சுரங்களில் நடப்பது. தெற்கின் மாண்டே இசை ஏழு சுரங்களில் நடப்பது. வயதிலோ இருபத்தாறு ஆண்டு இடைவெளி.

முதல் தொகுப்பு, நைஜர் நதியைப் பார்த்தவாறு நிற்கும் பமாகோவின் ஹோட்டல் மாண்டேயில், 2004இல், தயாரிப்பாளர் நிக் கோல்டின் மேற்பார்வையில் பதிவாயிற்று. ஒத்திகை எதுவும் இல்லை. ஒருவர் பாடலைத் தொடங்குவார், மற்றவர் அதைக் கண்டுகொண்டு சேர்ந்துகொள்வார். தேர்ந்த பாடல்களில் பல, 1940களிலும் 1950களிலும் மாண்டே நிலத்தில் வழங்கிய மெட்டுகள். அதாவது அலி தம் இளமையில் விரும்பிக் கேட்ட தெற்கத்திய இசை. வயதில் மூத்தவர், உலகப்புகழில் முந்தியவர், இளையவரின் இசைவீட்டுக்கு விருந்தாளியாக வந்திருக்கிறார்.

விருந்தாளியாக வந்தவர் செய்ததென்ன? தொகுப்பின் முதற்பாடலான 'தேபே'யிலேயே விடை கிடைக்கிறது. அலியின் கிதார் அடித்தளச் சுழற்சியை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய அதைவிட்டு நகராமல் நிற்கிறது. ஆப்பிரிக்காவின் மாபெரும் கிதார் கலைஞர் என்று போற்றப்பட்டவர், தம் புகழுக்குரிய கூரிய ஐஞ்சுர ஓட்டங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, கும்பெங்கோவைத் தம் தோளில் ஏற்றுக்கொள்கிறார். இதன் விளைவை அளந்தறிய நமக்கு ஒரு நல்ல வாய்ப்புண்டு. 'கைரா' என்னும் மெட்டை துமானி 1988இல் தனியாக வாசித்தார். 2005 தொகுப்பில் அலியோடு வாசித்தார். முதலாவதில் துமானியின் பெருவிரல்கள் தளத்தைக் காத்தாக வேண்டியிருப்பதால், ஒவ்வொரு கற்பனை ஓட்டமும் புறப்பட்ட இடத்துக்குக் குறித்த நேரத்தில் திரும்பியாக வேண்டும். அந்தக் கட்டுப்பாடே அதன் அழகு. இரண்டாவதில் தளத்தை வேறொருவர் காக்கிறார். எனவே ஓட்டங்கள் நீள்கின்றன, நடுவழியில் நிற்கின்றன, வேண்டுமென்றே தாமதித்துத் திரும்புகின்றன. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் நம்பிக்கையில் வெளியே உலவுபவரின் நடை அது.

'கைரா' என்னும் சொல்லும் இங்கே கருதத்தக்கது. அரபியின் 'கைர்' என்னும் சொல்லே மாண்டே மொழியில் இவ்வடிவம் கொண்டு, அமைதி என்னும் பொருளில் வழங்குகிறது. 1940களில், பிரெஞ்சு ஆட்சியின் கீழ் சிதிக்கி ஜபாத்தே ஈடுபட்டிருந்த இளைஞர் இயக்கம் இப்பெயரைத் தாங்கியிருந்தது. காலனி அதிகாரிகள் அதனை ஐயத்துடனேயே நோக்கினர். தந்தையின் அந்த மெட்டை மகன் வாசிக்க, வடநாட்டு மேன்குடியினர் ஒருவர் அதற்குத் தளம் அமைத்துத் தருகிறார். 'நியாஃபுங்கேயின் மேயர் ஐயா' என்று பொருள்படும் மற்றொரு பாடல் அலியைச் சிறப்பிப்பது. ஜெலி தம் மரபுக்கடமையான புகழ்ச்சியைச் செலுத்துகிறார். புகழப்படுபவரோ மேடைக்கு எதிரே அமர்ந்து கேட்காமல் அப்புகழ்ச்சிக்குத் தாமே கிதார் வாசிக்கிறார். ஒரு மரபு முறியாமலேயே எப்படி வளைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இத்தொகுப்பு குறையற்றது என்று சொல்வதற்கில்லை. ரை கூடரின் பியானோ முதலிய துணைக் கருவிகள் சில பாடல்களில் சேர்க்கப்பட்டுள்ளன. அவை மிக அடக்கமாகவே ஒலிக்கின்றன, ஆயினும் தேவையற்றவை. இருவர் உரையாடலுக்கு நடுவே மூன்றாமவர் மெல்லத் தலையசைப்பதுகூடக் கவனத்தைக் கலைக்கும். மேலும் அலியின் ஒதுங்கல் சில இடங்களில் அளவுமீறுகிறது. துமானியின் ஓட்டங்கள் அழகின் மிகுதியாலேயே ஒன்றையொன்று ஒத்துவிடும் வேளைகளில், எதிர்க்கருவியிலிருந்து ஒரு மறுப்புக் குரல் எழாதா என்று செவி ஏங்குகிறது. 'கொம்னி', 'ஹவா தோலோ' போன்ற அலியின் சொந்தப் பாடல்கள் வரும்போதுதான் அந்த ஏக்கம் தணிகிறது. அங்கே கோரா வடக்கின் நடைக்குத் தன்னைக் குறுக்கிக்கொள்கிறது. விருந்தளித்தவர் இப்போது விருந்தாளியாகிறார்.

இரட்டையிசையின் இன்பம் எப்போதும் ஒரே வகையினதன்று என்பதைக் காட்ட, மாலியிலிருந்தே வேறு இரு தொகுப்புகளை ஒப்பிடலாம். 1970இல் சிதிக்கி ஜபாத்தேயும் ஜெலிமூசா சிஸ்ஸோகோவும் பிறரும் பங்கேற்ற 'பழைய நரம்புகள்' என்னும் பொருள்படும் பிரெஞ்சுத் தலைப்புடைய இசைத்தட்டு, பாடலின்றிக் கோராவை மட்டுமே முன்னிறுத்திய முன்னோடிப் பதிவு. அவர்களின் பிள்ளைகளான துமானியும் பல்லாக்கே சிஸ்ஸோகோவும் பமாகோவில் அண்டைவீட்டாராக வளர்ந்தவர்கள். மாலியின் விடுதலை நாளான செப்டம்பர் 22இல், 1997ஆம் ஆண்டு, பமாகோவின் மாநாட்டு மாளிகையிலுள்ள சலவைக்கல் கூடத்தில் அமர்ந்து, அவர்கள் தந்தையருக்குக் காணிக்கையாகப் 'புதிய பழைய நரம்புகள்' என்னும் தொகுப்பைப் பதிவு செய்தனர். அது 1999இல் வெளிவந்தது. இங்கே இரண்டும் ஒரே கருவி, ஒரே பள்ளி, ஒரே நினைவு. எந்த நரம்பு எவருடையது என்று பிரித்தறிய முயலும் செவி விரைவில் தோற்றுவிடும். அத்தோல்வியே அத்தொகுப்பின் இன்பம். உடன்பிறந்தோர் ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை மற்றவர் முடிப்பது போன்றது அது.

இதற்கு நேரெதிர், பல்லாக்கே சிஸ்ஸோகோ பிரெஞ்சு செல்லோ கலைஞர் வேன்சான் செகாலுடன் 2009இல் வெளியிட்ட 'சேம்பர் மியூசிக்'. பமாகோவில் பாடகர் சாலிஃப் கெய்தாவின் ஒலிப்பதிவுக்கூடத்தில் இரவு நேரங்களில் பதிவானது. மேற்கத்தியப் பயிற்சி பெற்ற செல்லோ கலைஞர், நீட்டி இழுக்கும் வில்லோசையைப் பல இடங்களில் கைவிட்டு, நரம்பை விரலால் மீட்டியும் தட்டியும் கோராவின் நிலத்துக்கு வருகிறார். கோராவோ தன் சுழற்சியைத் தளர்த்தி, செல்லோவின் நீண்ட மூச்சுக்கு இடம் தருகிறது. பொதுவான நினைவே இல்லாத இருவர், பொறுமையினாலேயே ஒன்றை உருவாக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு அது சான்று. மேற்கும் ஆப்பிரிக்காவும் கலந்த தொகுப்புகள் பலவற்றில் ஒன்று மற்றொன்றுக்கு வெறும் அலங்காரமாகிவிடும் அவலம் இங்கே நேரவில்லை.

அலியும் துமானியும் இவ்விரு நிலைகளுக்கும் நடுவே நிற்கின்றனர். அவர்கள் உடன்பிறந்தோருமல்லர், அந்நியருமல்லர். ஒரே நாட்டின், ஒரே நதியின், ஒரே கிப்லாவின் மக்கள்; ஆயினும் வெவ்வேறு மொழியினர். அந்த நடுநிலையின் முழு விளைச்சலை இரண்டாம் தொகுப்பில்தான் காண்கிறோம். 2005இல், ஐரோப்பியப் பயணத்தின்போது, லண்டனின் லிவிங்ஸ்டன் கூடத்தில் மூன்று பிற்பகல்களில் அது பதிவாயிற்று. எலும்புப் புற்றுநோய் அலியை அரித்துக்கொண்டிருந்த காலம் அது. 2006 மார்ச்சில் அவர் மறைந்தார். நான்காண்டுகள் கழித்தே அப்பதிவு வெளிவந்தது. சில பாடல்களில் பேஸ் வாசித்த கியூபக் கலைஞர் கச்சாயீத்தோ லோபெஸும் 2009இல் மறைந்துவிட்டார்.

இந்த வரலாறு காரணமாக அத்தொகுப்பை இரங்கற்பா போலவே கேட்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. முதல் தொகுப்பின் மிச்சம் என்றும், நோயாளியின் பிரியாவிடை என்றும் அதனை மதிப்பிடுவோர் உளர். இம்மதிப்பீடு இரக்கத்திலிருந்து பிறந்ததேயன்றிக் கேட்டலிலிருந்து பிறந்ததன்று. தொடக்கப் பாடலான 'ரூபி'யில் இரு கருவிகளும் ஒன்றன் நிழலில் மற்றொன்று ஒதுங்கவில்லை. தோளோடு தோள் நடக்கின்றன. அலியின் கிதார் முன்னைவிட அதிகம் பேசுகிறது. துமானி முன்னைவிட அதிகம் காத்திருக்கிறார். முதல் தொகுப்பில் மூத்தவர் தம் அடக்கத்தால் இளையவருக்கு இடம் தந்தார். இரண்டாவதில் இளையவர் தம் மௌனத்தால் அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்துகிறார். மகிழ்ச்சிக்கு முதலாவது, உரையாடலின் ஆழத்துக்கு இரண்டாவது என்பது என் மதிப்பீடு.

அத்தொகுப்பின் 'சாபு யெர்கொய்' என்னும் பாடலில் அலியின் குரல் ஒலிக்கிறது. தலைப்பு இறைவனுக்கு நன்றி கூறுவது. சொங்காய் மொழியில் 'யெர்கொய்' என்பது 'நம் உரிமையாளன்' என்னும் பொருளில் இறைவனைக் குறிக்கும் சொல். மற்றொரு பாடலின் தலைப்போ '56' என்னும் எண் மட்டுமே. கிதாரை முதன்முதலில் நெஞ்சில் ஏற்ற 1956ஐ நோக்கி அலி திரும்பிப் பார்க்கிறார். தம் கலை பிறந்த ஆண்டை நினைவுகூரும் மெட்டை, அக்கலைக்குப் பரம்பரை உரிமை படைத்த ஒருவரின் துணையோடு வாசித்து அவர் விடைபெறுகிறார். அதில் அழுகை இல்லை. கணக்கை நேர்செய்துவிட்டவரின் அமைதியே உண்டு.

இந்த இசைக்குப் பின்னர் நேர்ந்ததையும் சொல்லாமல் விடுவது முறையாகாது. 2012இல் வட மாலியைக் கைப்பற்றிய ஆயுதக் குழுக்கள், மார்க்கத்தின் பெயரால் இசையைத் தடை செய்தன. திம்புக்துவும் அலியின் நியாஃபுங்கேயும் அடங்கிய வட்டாரத்தில் வானொலிகள் பாட்டை நிறுத்தின. கலைஞர்கள் பலர் ஊரைவிட்டு வெளியேறினர். இசை பற்றி நம் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு தொன்மையானது. இப்னு ஹஸ்ம் (ரஹ்) தடைக்குக் காட்டப்படும் அறிவிப்புகளின் வலுவை ஐயுற்று இசையை அனுமதித்தார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் செவியுறுதலின் ஒழுங்குகளுக்கெனத் தனியொரு பகுதியையே ஒதுக்கினார்; அதேவேளையில் மது அவைகளோடு பிணைந்த நரம்புக் கருவிகளை விலக்கவும் செய்தார். ஒத்துக்கொள்ளாதோரும் நூல் எழுதியே மறுத்தனர். அந்த நெடிய உரையாடலைத் துப்பாக்கி ஒரே நாளில் முடித்துவைக்க முயன்றது. ஐந்து வேளை தொழும் உழவர் ஒருவர், இறைவனுக்கு நன்றி சொல்லி வாசித்த கிதார், அவர் ஊரிலேயே குற்றமாயிற்று. எதிர்த்தரப்புக்கு இடம் விட்டுவைப்பதே இரட்டையிசையின் இலக்கணம் என்றால், அத்தடை இசைக்கு எதிரானது மட்டுமன்று, இடம் விடும் பண்புக்கே எதிரானது.

2014இல் துமானி தம் மகன் சிதிக்கியுடன் சேர்ந்து, இரு கோராக்கள் மட்டுமே ஒலிக்கும் ஒரு தொகுப்பை வெளியிட்டார். பாட்டனாரின் பெயரையே பேரனும் தாங்கியிருக்கிறார். அதிலுள்ள 'லம்பெதூசா' என்னும் பாடல், 2013இல் இத்தாலியத் தீவொன்றின் அருகே கடலில் மூழ்கிய ஆப்பிரிக்கக் குடிபெயர்வோரை நினைவுகூர்வது. 1970இல் தந்தையர், 1997இல் பிள்ளைகள், 2014இல் தந்தையும் மகனும் என்று அந்தத் தொடர் நீண்டது. 2024 ஜூலையில் துமானியும் மறைந்தார். இப்போது எஞ்சியிருப்பவை பதிவுகள்.

அப்பதிவுகளை அணுக விரும்புவோர் 1988இன் தனிக்கோரா 'கைரா'விலிருந்து தொடங்கலாம். பின்னர் 2005இன் 'கைரா'வைக் கேட்கலாம். முதல் முறை கோராவை மட்டும் பின்தொடர்ந்துவிட்டு, இரண்டாம் முறை கிதாரை மட்டும் பின்தொடர வேண்டும். மாறாமல் சுழல்வதாகத் தோன்றிய அந்தக் கிதாரில், கோரா மூச்சு வாங்கும் இடங்களிலெல்லாம் சிறிய அசைவுகள் இருப்பதை அப்போதுதான் உணர்வோம். ஒருவர் பேசும்போது மற்றவர் எவ்வளவு கூர்ந்து கேட்டார் என்பது அந்தச் சிறிய அசைவுகளில் பதிவாகியிருக்கிறது.